தேனீ கேள்வி–பதில்: சாக்கைக் கழற்றுங்கள், சீனி கொடுங்கள்

கேள்வி: புரட்டாசியில் இரண்டு தேனீப் பெட்டி வாங்கித் தென்னந்தோப்பில் வைத்தேன். அடைமழை விட்டதும் பார்த்தால் ஒன்று காலி, செத்த தேனீகூட இல்லை. இன்னொன்றில் கூட்டம் பாதியாகிவிட்டது. குளிர்காலத்தில் பெட்டியைப் போர்த்த வேண்டும் என்று வீடியோவில் சொன்னதால் சணல் சாக்கைச் சுற்றியிருக்கிறேன். சரிதானா? – வாசகி, உச்சிப்புளி

பதில்: முதலில் அந்தச் சாக்கைக் கழற்றுங்கள். நீங்கள் பார்த்தது பனி கொட்டும் நாட்டு வீடியோவாக இருக்கும். அங்கே தேனீக்கள் மாதக்கணக்கில் வெளியே வர முடியாமல் உருண்டையாகத் திரண்டு, உடம்பை அதிரவைத்துச் சூடு உண்டாக்கி, சேர்த்த தேனைத் தின்றே காலத்தை ஓட்டும். உச்சிப்புளியில் மார்கழிப் பனிக்கு நாம்தான் தலையில் துண்டு கட்டுகிறோம், தேனீக்கு அதெல்லாம் ஒரு குளிரே இல்லை, வெயில் ஏறியதும் கிளம்பிவிடும். இங்கே பிரச்சினை பசி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பறக்கவும் முடியாது, பூவில் இருக்கிற மதுவும் கழுவிப் போய்விடும். இத்தாலியத் தேனீ என்றால் பெட்டிக்குள்ளேயே கிடந்து சாகும். நம் அடுக்குத் தேனீக்கு அந்தப் பொறுமை கிடையாது, தீனி இல்லையென்றால் குடும்பத்தோடு இடத்தைக் காலி செய்துவிடும். உங்கள் முதல் பெட்டிக்கு நடந்தது அதுதான்.

மிச்சமிருக்கும் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். வெறும் பெட்டி போல எழும்பினால் அன்று சாயங்காலமே தீனி வைக்க வேண்டும். ஒரு டம்ளர் சீனிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், கொதிக்கவைத்துக் கரைத்து, நன்றாக ஆறவிட்டு, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் நிற்க நாலு ஈர்க்குச்சியை ஒடித்துப் போட்டு, பொழுது இறங்கியபின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வாரத்துக்கு 200 கிராம் சீனி போதும். வெளியே ஒரு சொட்டு சிந்தக்கூடாது. சிந்தினால் வேறு கூட்டுத் தேனீ கொள்ளையடிக்க வரும், அதற்கு முன்னால் எறும்பு வந்துவிடும். ஸ்டாண்டு காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறதுதானே?

அப்புறம், கூட்டம் குறைந்த பெட்டியில் தேனீ உட்காராத அடை ஒன்றிரண்டு இருக்கும். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூலும், கடுகைப் பொடித்துத் தூவியது மாதிரி கறுப்பு எச்சமும் தெரிந்தால் மெழுகு அந்துப்பூச்சி புகுந்திருக்கிறது. அந்த அடையை வெட்டி எரித்துவிடுங்கள், தோப்பில் வீசினால் திரும்பி வரும். தேனீ மூடி உட்காருகிற அளவுக்கு அடை இருந்தால் போதும். பெட்டி முன்பக்கம் ஒரு விரல் சாய்ந்திருக்கட்டும், உள்ளே இறங்கிய மழைத்தண்ணீர் வடிந்துவிடும். மேலே இரண்டு பனை ஓலை. நம் ஊருக்கு இந்தப் போர்வை போதும்.

முருங்கை பூத்து, புது அடை வெள்ளையாக ஏறத் தொடங்கியதும் சீனியை நிறுத்திவிடுங்கள். அதற்கப்புறமும் கொடுத்துக்கொண்டிருந்தால் சித்திரையில் நீங்கள் எடுப்பது சீனிப்பாகுதான்.

கேள்வி: தை பிறந்ததிலிருந்து அடையில் சில அறைகளின் மூடி மட்டும் உப்பலாக, நடுவில் ஊசி குத்தியது போல ஓட்டையோடு இருக்கிறது. நோயா? – வாசகர், தேவிபட்டினம்

பதில்: இல்லை, ஆண் தேனீ அறைகள். அடுக்குத் தேனீயில் அந்த மூடிக்குத் துளை இயற்கையிலேயே உண்டு. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற, தேனீப் புழுவைக் கொல்லும் வைரஸ் தென்னிந்தியா முழுக்கப் பெட்டி பெட்டியாகக் காலி செய்ததைப் பார்த்தவர்கள் எதைக் கண்டாலும் பதறுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நோயில் புழு தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும், இடுக்கியால் எடுத்தால் தண்ணீர்ப்பை மாதிரி தொங்கும்.

ஆண் தேனீ பெருகினால் கூட்டம் பிரியத் தயாராகிறது என்று அர்த்தம். அடையின் அடி ஓரத்தில் நிலக்கடலை மாதிரி ராணி அறை தொங்குகிறதா பாருங்கள். தொங்கினால், அடை கட்டிய மரச்சட்டம் ஆறு நிறையத் தேனீயும் இருந்தால், பறந்து போகுமுன் நீங்களே பிரித்துவிடுங்கள்: பழைய ராணியோடு மூன்று சட்டம் புதுப் பெட்டிக்கு, ராணி அறை உள்ள சட்டம் பழைய பெட்டியிலேயே. புது ராணி வெளியே வந்து மூன்று வாரமாகியும் முட்டை தென்படவில்லையென்றால், இணை சேரப் பறந்த இடத்தில் பஞ்சுருட்டான் குருவி கொத்தியிருக்கலாம். இரண்டையும் மறுபடி ஒன்றாக்கிவிடுங்கள். நாலு சட்டக் கூட்டத்தை ஆசைப்பட்டுப் பிரித்து இரண்டையும் இழந்தவன் சொல்கிறேன்.

கேள்வி: பக்கத்துப் புஞ்சையில் முண்டு மிளகாய்க்குக் காலையில் மருந்தடிக்கிறார்கள். பெட்டியை மூடிவிடவா? – வாசகர், கடலாடி

பதில்: பகலெல்லாம் மூடினால் உள்ளே வெந்துவிடும். அவரிடம் போய்ப் பேசுங்கள், தேனீ அடைந்தபின் சாயங்காலம் அடிக்கச் சொல்லுங்கள். மிளகாய்க்கும் தேனீ வந்தால் நல்லதுதான் என்று சொல்லிப் பார்க்கலாம்.

கேள்வி: மாசியில் பனையேற்றம் தொடங்கியதும் என் தேனீ பதநீர்க் கலயத்தில் விழுந்து சாகிறது, பனையேறும் அண்ணாச்சி சத்தம் போடுகிறார். – வாசகர், சாயல்குடி

பதில்: அவர் சத்தம் போடுவது நியாயம். இறக்கிவைத்த பதநீர்ப் பானையையும் கருப்பட்டி காய்ச்சும் வட்டையையும் வேட்டித் துணியால் மூடிவைக்கச் சொல்லி, துணியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அகலச் சட்டியில் கூழாங்கல் போட்டு நல்ல தண்ணீர் வையுங்கள், தண்ணீருக்கு அலைவது குறையும். மரத்தில் கட்டிய கலயத்துக்குப் போவதை முழுக்கத் தடுக்க முடியாது. காய்ச்சும் கொட்டகைக்கு ரொம்பப் பக்கத்தில் என்றால் பெட்டியை மூன்று கிலோமீட்டராவது தள்ளிக் கொண்டுபோங்கள், அதுவும் ராத்திரியில். பக்கத்திலேயே நகர்த்தினால் தேனீ பழைய இடத்துக்கே திரும்பி வந்து சுற்றும், மறுபடியும் அண்ணாச்சி வருவார்.