நாற்பது வயதைக் கடந்த பிறகு, முற்றிலும் புதிய துறையில் நுழைந்து உயர்ந்தவர் யாராவது உண்டா?

உண்டு. இந்தக் கேள்வியைக் கண்டதும் என் நினைவுக்கு வந்தவர் தாமஸ் கிரஹாம். பின்னாளில் லின்டாக் பிரபு என்று அழைக்கப்பட்ட ஸ்காட்லாந்துத் தளபதி.

அவரை நான் அறிந்துகொண்டது ஓர் ஓவியத்தின் வழியாகத்தான். எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்தில், ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோ தீட்டிய ஆளுயரப் பெண் உருவம் ஒன்று இருக்கிறது. இறகு சூடிய தொப்பியும், வெள்ளிபோல் மின்னும் பட்டு மேலாடையும், அதனடியில் தெரியும் சிவந்த பாவாடையுமாக, கையில் நெருப்புக்கோழி இறகொன்றைப் பிடித்தபடி ஒரு தூணருகே அவள் நிற்கிறாள். அவள் பெயர் மேரி காத்கார்ட், கிரஹாமின் மனைவி. அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, இவள் யார் என்று தேடிப் படித்தபோது கிடைத்த கதை என்னை இன்றுவரை விடவில்லை.

கிரஹாம் 1748-இல் பெர்த்ஷயரில் பிறந்தவர். பால்கோவன் பண்ணையின் நிலக்கிழார். தாய்வழியில் ஹோப்டன் பிரபுவின் பேரன். வேட்டை, குதிரை, கிரிக்கெட், விவசாயச் சீர்திருத்தம் என்று நாற்பது வயதுக்கு மேலும் நிம்மதியாக வாழ்ந்தவர். 1774-இல் மேரியை மணந்தார். மேரிக்குக் காசநோய் கண்டது; தட்பவெப்பம் இதமாக இருக்கும் என்று தென் பிரான்சுக்கு அழைத்துச் சென்றும் பயனின்றி, 1792 ஜூன் மாதம், கடலில் படகிலேயே அவர் உயிர் பிரிந்தது. உடலை ஊர் கொண்டு சேர்க்கக் கால்வாய் வழியே போர்தோ நோக்கிப் படகில் வந்தபோது, துலூஸ் அருகே, குடித்திருந்த புரட்சிப் படையினர் உள்ளே ஏதோ ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாகச் சந்தேகித்துச் சவப்பெட்டியை உடைத்துத் திறந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியை ஓரளவு அனுதாபத்தோடு பார்த்து வந்த கிரஹாம் அந்த நாளுக்குப் பிறகு அடியோடு மாறினார்.

மறு ஆண்டே பிரெஞ்சுத் துறைமுகமான துலோனின் முற்றுகையில், புரட்சிப் படையை எதிர்த்த பிரிட்டிஷ் தரப்பில் தன்னார்வலராகச் சேர்ந்தார். அந்த ஆண்டில்தான் அவருக்கு 45 வயது நிறைந்தது. 1794-இல் சொந்தச் செலவில் 90-வது ரெஜிமென்ட்டைத் திரட்டினார். ஆனால் இடைநிலைப் பதவிகளைக் கடக்காமல் நேராக மேலே வந்தவர் என்பதால், அவருக்குத் தரப்பட்ட பதவி தற்காலிகமானது என்றே இராணுவம் கருதியது. இந்தத் தடையைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். புதிய துறையில் தாமதமாக நுழைபவருக்கு வேலையைக் கற்பதைக் காட்டிலும், ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களின் விதிமுறைகளைக் கடப்பதே கடினம். 1796 டிசம்பர் இறுதியில், நெப்போலியன் படை சூழ்ந்திருந்த, இத்தாலியின் மாந்துவா கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் வெளியேறி, இரவில் நடந்தும் பகலில் ஒளிந்தும் ஆஸ்திரியத் தளபதியிடம் செய்தி சேர்த்தார். மால்டா முற்றுகையில் பங்கேற்றார். அப்போதும் பதவி நிரந்தரமாகவில்லை. 1809-இல் ஸ்பெயினின் கோருன்யாவில் நடந்த போரில் வீழ்ந்த பிரிட்டிஷ் தளபதி சர் ஜான் மூர் அவருக்காக விடுத்த வேண்டுகோளை மதித்தே மேஜர் ஜெனரல் பதவியை உறுதி செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 60.

அவருடைய பெரிய வெற்றி 1811 மார்ச் 5 அன்று, ஸ்பெயினின் காடிஸ் நகருக்கு அருகே, பரோசாவில் கிடைத்தது. இரவு முழுவதும் நடந்து களைத்த படையோடு பைன் மரக் காட்டுக்குள் சென்றுகொண்டிருந்தவருக்கு, பின்னால் விட்டுவந்த குன்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. கூட்டுப்படையின் தலைவரான ஸ்பானியத் தளபதி லா பென்யாவின் உத்தரவுக்குக் காத்திராமல், அங்கேயே படையைத் திருப்பினார். மற்றவர்கள் அணிவகுக்க நேரம் கிடைப்பதற்காக, 500-க்குச் சற்று மேற்பட்ட வீரர்களை நேராகக் குன்றின்மேல் ஏவினார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சாய்ந்தார்கள். லா பென்யா உதவிக்கு வரவில்லை. ஆயினும் ஏறத்தாழ 5,000 பேரைக் கொண்டு, தம்மைவிடப் பெரிய பிரெஞ்சுப் படையை ஒன்றரை மணி நேரத்தில் பின்வாங்க வைத்தார். அந்த வெற்றிக்கு அந்த வீரர்கள் கொடுத்த விலையை நான் மறக்க விரும்பவில்லை. 1813 ஆகஸ்ட் 31 அன்று அவர் தலைமையில், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் வீழ்ந்தபோது, வென்ற படையினரே அந்நகரைக் கொள்ளையிட்டார்கள். நகரம் எரிந்து சாம்பலானது. அவரைப் போற்றும் எவரும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1814-இல் லின்டாக் பிரபு பட்டம் பெற்றபோது, அதனுடன் வந்த ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார். கர்னல் வில்லியம் லைட் 1837-இல் தென் ஆஸ்திரேலியாவில் ஒரு மலைத்தொடருக்குப் பரோசாப் போரின் பெயரையே சூட்டினார். திராட்சை ரசத்திற்குப் பெயர்பெற்ற பரோசா பள்ளத்தாக்குக்கு அந்தப் பெயர் வந்தது அதிலிருந்துதான்.

கிரஹாம் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மேரியின் படத்தைப் பார்க்கும் மனவலிமை இல்லாமல் அதைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டார். 1843-இல், 95 வயதில் இறந்த அவரை, ஸ்காட்லாந்தின் மெத்வன் தேவாலய வளாகத்தில், மேரிக்காகத் தாம் கட்டிய கல்லறையில், மேரியின் அருகில் அடக்கம் செய்தார்கள். அதன் பிறகே அந்த ஓவியம் வெளிச்சத்திற்கு வந்தது.