வசனத்துக்கு முன்னும் பின்னும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வாலிபர் கூட்டத்தில் அடுத்த மாதம் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதுதான் முதல் முறை. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற வசனங்களைப் போனில் தேடித் தேடி எழுதி வைத்தேன். 16 வசனம் சேர்ந்துவிட்டது. படித்துப் பார்த்தால் எனக்கே ஒட்டவில்லை. வேதபகுதியிலிருந்து அன்றாட வாழ்க்கைக்குப் பாடம் எடுப்பது எப்படி?

பதில்: தம்பி, அந்த 16 வசனத்தையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், இந்த முறை வேண்டாம். தலைப்பை முதலில் முடிவு செய்துவிட்டு வசனம் தேடினால் நாம் தேடுகிற வார்த்தை எங்கே இருக்கிறதோ அது மட்டும்தான் வரும், நமக்கு ஏற்கெனவே தெரிந்ததையே வேதத்தின் வாயில் போட்டுப் பேசிவிட்டு இறங்கிவிடுவோம். ஒரே ஒரு பகுதியை எடுங்கள். 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தின் முதல் 7 வசனங்கள் என்று வைத்துக்கொள்வோம். சத்தமாக மூன்று தடவை வாசியுங்கள். அப்புறம் ஒரு தாளில், யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். விளக்கம் ஒரு வரிகூட வேண்டாம்.

எழுதிப் பார்த்தால் இப்படி வரும். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோயிருக்கிறார். அவருடைய மனைவி தீர்க்கதரிசி எலிசாவிடம் வந்து முறையிடுகிறாள். இறந்தவர் கர்த்தருக்குப் பயந்து நடந்தவர், அது எலிசாவுக்கே தெரியும். அப்படிப்பட்டவருடைய வீட்டில் கடன் இருக்கிறது, கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். வீட்டில் என்ன இருக்கிறது என்று எலிசா கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய், வேறொன்றும் இல்லை. அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே, கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்று என்கிறார். பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றுபோகிறது. இத்தனை எண்ணெய் கையில் வந்த பிறகும் அந்தத் தாய் தானாக ஒரு முடிவுக்கு வராமல் திரும்ப எலிசாவிடம் போய்ச் சொல்கிறாள். அவர் சொல்லும் பதில்: விற்று, கடனைத் தீர்த்து, மீதியைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள்.

இதில் எண்ணெய் என்றால் பரிசுத்த ஆவி, வெறும் பாத்திரம் என்றால் நாம் என்று பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். ஆவியானவரோடு எண்ணெயைச் சேர்த்துப் பேசும் இடங்கள் வேதத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே அந்த எண்ணெயைக் கொண்டுபோய் விற்கிறார்கள். 7-ம் வசனம் வந்ததும் அந்த விளக்கம் நொண்ட ஆரம்பித்துவிடுகிறது. அதற்குள், கடன் தவணையை நினைத்துக்கொண்டே கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், தன்னுடைய நிலைமையைத்தான் வேதம் பேசுகிறது என்பதே தெரியாமல் எழுந்து போய்விடுகிறார். எனக்கு அதுதான் மனசு கேட்பதில்லை.

பகுதியை அப்படியே விட்டுப் பாருங்கள். தேவபயம் உள்ள வீட்டிலும் கடன் வரும், ஆகவே கடன்பட்டவரைப் பார்த்ததும் "ஏதோ பாவம்" என்று நினைக்க நமக்கு இடமில்லை. அற்புதம் நடந்த வீட்டிலும் பணத்தை எதற்கு முதலில் கொடுப்பது என்ற வரிசை இருக்கிறது, கடன் முன்னால், நம் பிழைப்பு அதற்குப் பின்னால். அப்புறம் அந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். அவர்கள் கொடுத்தது காலியான பாத்திரம்தான், கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இதில் ஏதாவது ஒன்றை எடுங்கள் தம்பி, மூன்றையும் எடுக்காதீர்கள். எதை எடுத்தாலும், விதவையின் கூக்குரலைக் கேட்ட தேவன் அந்தக் கதையின் நடுவில் இருக்கிறார் என்பது விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாவீது பொறுக்கிய ஐந்து கூழாங்கல்லுக்கு என்ன அர்த்தம்? விசுவாசம், ஜெபம், வசனம், துதி, கீழ்ப்படிதல் என்று நான் பேசி வருகிறேன். சரியா?

பதில்: சகோதரரே, நீங்கள் சொன்ன ஐந்தும் நல்ல காரியங்கள். ஆனால் 1 சாமுவேல் 17-ல் அவை அந்தக் கற்களில் இல்லை. அவன் ஆற்றிலிருந்து ஐந்து எடுத்தான், ஒன்றை எறிந்தான், கோலியாத் விழுந்தான், அவ்வளவுதான். அப்படியானால் மீதி நாலும் பைக்குள்ளேயே இருந்துவிட்டனவே, எந்த நாலு என்று ஒரு சின்னப் பையன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அதே அதிகாரத்தில் 20-ம் வசனத்தைப் பாருங்கள். தாவீது அதிகாலையில் எழுந்து, ஆடுகளைக் காவலாளி வசம் ஒப்புவித்துவிட்டு, தகப்பன் கொடுத்துவிட்ட பொருள்களை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். யாரும் நின்று கவனிக்காத வசனம். எட்டு வசனம் தாண்டியதும் அண்ணன் எலியாப் கோபமாக என்ன கேட்கிறான் தெரியுமா? வனாந்தரத்திலே இருக்கிற அந்தக் கொஞ்ச ஆடுகளை யார் வசத்தில் விட்டாய் என்று! அதற்கான பதில் 20-ம் வசனத்திலேயே இருக்கிறது, வாசிக்கிற நமக்குத் தெரியும், எலியாபுக்குத் தெரியாது. தாவீது நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே நின்று, நான் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று அண்ணனோடு மல்லுக்கட்டியிருக்கலாம். நான் இப்போது என்ன செய்துவிட்டேன், வந்ததற்கு ஒரு காரணம் இல்லையா என்று கேட்டுவிட்டு வேறொருவனிடம் திரும்பிப் பேசப் போய்விடுகிறான். அன்றைக்கு அவன் சண்டைபோட வேண்டிய ஆள் பள்ளத்தாக்கில் நின்றுகொண்டிருந்தான்.

வேலை செய்யும் இடத்திலும் வீட்டிலும், செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்குகிற எத்தனை பேர் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களுக்கு இந்த இரண்டு வசனம் போதும். ஆனாலும் அதிகாரத்தின் மையம் 47-ம் வசனம், யுத்தம் கர்த்தருடையது என்பது. சின்ன விவரத்தில் சொக்கிப்போய் அதை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. சின்னதாகத் தொழில் தொடங்கியபோது இந்த வசனம் என்னைத் தாங்கியது. பெண்கள் கூட்டத்தில் இதை வைத்துப் பேசலாம் என்றிருந்தேன். "அது தேவன் சொன்னதே இல்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டார். மனசு உடைந்துவிட்டது.

பதில்: சகோதரி, அவர் சொன்னது உண்மைதான், கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தாய். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சபையில் இதே வசனத்தை வைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். முடிந்ததும் ஒரு அம்மா, மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அந்த வருடம் மகனைப் பறிகொடுத்தவர். கிட்டே வந்து, கையிலிருந்த வேதத்தைத் திறந்து, 7-ம் வசனத்துக்குக் கொஞ்சம் மேலே, 4-ம் வசனத்தில் விரலை வைத்தார். "ஐயா, இதையும் அவர்தானே சொல்கிறார்? இதை நான் எப்படி எடுத்துக்கொள்ள?" என்றார். 7-ம் வசனத்தைச் சொன்னவன், யோபைப் பார்க்க வந்த நண்பர்களில் ஒருவனான பில்தாத். 4-ம் வசனத்தில் அவன் யோபிடம் சொல்வது, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான தண்டனையில் போயிருப்பார்கள் என்று. ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் ஒரே நாளில் இழந்த தகப்பனிடம் சொல்கிறான்! அந்த வாரம் முழுவதும் நான் 7-ம் வசனத்தை வாசித்தேன், 4-ம் வசனத்தை வாசிக்கவே இல்லை. அந்த அம்மாவிடம் மன்னிப்புத்தான் கேட்டேன், வேறெதுவும் சொல்ல வரவில்லை. அவர் விரல் அந்தப் பக்கத்தில் இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

வசன எண்கள் வேதத்தோடு பிறந்தவை அல்ல. அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற வேத அறிஞர் காலத்தில் வந்தவை, புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களை 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டார். இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளங்கள் அவை, அந்த அளவுக்கு ரொம்பப் பிரயோஜனம். நாம் அவற்றைக் கத்தரிக்கோல் மாதிரி பயன்படுத்திவிடுகிறோம்.

சரி, யோபு 8-ஐப் பேசவே கூடாதா? தாராளமாகப் பேசுங்கள், ஆனால் முழுக் கதையோடு பேசுங்கள். இந்த நண்பர்கள் வந்த புதிதில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் யோபோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (2:13). அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்பது என் எண்ணம். வாயைத் திறந்த பிறகுதான் காயப்படுத்தினார்கள். கடைசியில் கர்த்தரே அவர்களிடம், என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார் (42:7). யோபின் பின்னிலைமையை அவர் ஆசீர்வதித்தது நிஜம், அது 42:12-ல் இருக்கிறது. பில்தாத் போட்ட கணக்குப்படி அது நடக்கவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் போகும்போது எதைச் சொல்லக் கூடாது என்று பெண்கள் கூட்டத்தில் பேச இதைவிட நல்ல பகுதி கிடைக்காது.

உங்கள் தொழில் தொடங்கிய நாளில் உங்களைத் தாங்கினவர் கர்த்தர். அவர் அந்த ஒரு வசனத்துக்குள் அடைபட்டவர் இல்லை, ஆகவே நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை.

கேள்வி: பிரசங்கத்தில் வீட்டு அனுபவங்களைச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், சம்பந்தப்பட்டவரிடம் முதலில் கேட்டுவிட்டு. மனைவியிடமும் கேளுங்கள், பிள்ளை சின்னப் பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். "வேண்டாம்ப்பா" என்றால் விட்டுவிடுங்கள். ஒருவர் உங்களை நம்பி ஜெபத்துக்காகச் சொன்ன விஷயத்தைப் பெயரை மாற்றிக்கூடச் சொல்லாதீர்கள், சபைக்குள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: லேவியராகமம் மாதிரியான புத்தகங்களில் பலி, தீட்டு, சட்டம் என்றே போகிறது. அதில் இன்றைய வாழ்க்கைக்கு என்ன எடுப்பது?

பதில்: 19-ம் அதிகாரத்தில் ஆரம்பியுங்கள். "பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்குகிறது. பரிசுத்தம் என்றதும் நாம் ஆராதனையை எதிர்பார்ப்போம், அந்த அதிகாரம் வயலுக்கும் கடைக்கும் போய்விடுகிறது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கக் கூடாது (13). செவிடனைத் திட்டாதே, குருடன் முன்னால் இடறலை வைக்காதே (14). எடைக்கல்லும் படியும் சரியாக இருக்கட்டும் (36). வயல் ஓரத்தை முழுக்க அறுத்துவிடாதே, சிந்தினதைப் பொறுக்காதே, ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு (9, 10).

இந்தக் கடைசிச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரூத் 2-ம் அதிகாரத்துக்குப் போங்கள். அங்கே ஒரு அந்நிய தேசத்துப் பெண், விதவை, மாமியாருக்கும் சேர்த்துப் பிழைப்புத் தேடி வயலுக்கு வருகிறாள். விழுந்ததைப் பொறுக்க விட்டிருந்தாலே வயலின் சொந்தக்காரன் போவாஸ் சட்டத்தை நிறைவேற்றியவனாகியிருப்பான். அவன் வேலையாட்களிடம், அவளுக்காக அரிகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறான் (16). குனிந்து பொறுக்குகிற ரூத்துக்கு அது தானாக விழுந்த கதிர் மாதிரிதான் தெரிந்திருக்கும். உதவி வாங்குகிறவள் கூசிப்போகாதபடி உதவி செய்கிற விதம் அது. சட்டம் ஒரு மனிதனுடைய கையில் எப்படி இருக்கும் என்று அங்கே கண்ணால் பார்க்கிறோம். பிரசங்கத்தில் லேவியராகமத்தை 5 நிமிடம் வாசித்துவிட்டு மீதி நேரம் போவாஸின் வயலில் நில்லுங்கள், சபை கூடவே நிற்கும்.

கேள்வி: நான் பிரசங்கி இல்லை, கேட்கிறவன். எந்தப் பகுதியை எடுத்தாலும் எங்கள் பாஸ்டர் கடைசியில் "ஜெபியுங்கள், வேதம் வாசியுங்கள், சபைக்கு வாருங்கள்" என்றுதான் முடிக்கிறார். நல்ல மனிதர், குறை சொல்ல மனமில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஒன்றும் கையில் இல்லாதது போல் இருக்கிறது.

பதில்: ஐயா, உங்கள் கேள்வியைப் பேசுகிறவர்கள் எல்லோரும் வாசிக்க வேண்டும். லூக்கா 3-ல் யோவான் ஸ்நானன் மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள் என்று பேசி முடித்ததும் ஜனங்கள் சும்மா கலைந்து போகவில்லை. "அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று மூன்று கூட்டத்தார் தனித்தனியாக வந்து கேட்கிறார்கள். பொதுவாக வந்தவர்களிடம், இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு என்கிறார். வரி வசூலிப்பவர்களிடம், உங்களுக்குக் கட்டளையிட்டதற்கு மேல் ஒன்றும் வாங்காதீர்கள் என்கிறார். போர்ச்சேவகரிடம், யாரையும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்யாகக் குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளம் போதும் என்று இருங்கள் என்கிறார். வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு தொழிலிலும் கை எங்கே வழுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, சரியாக அந்த இடத்தைத் தொடுகிறார்.

அப்படித் தொட வேண்டுமானால் பேசுகிறவருக்குக் கேட்கிறவர்களின் வேலை தெரிந்திருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கு என்ன சோதனை வரும், வண்டி ஓட்டுகிறவருக்கு என்ன, நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற மகளுக்கு இரவு 2 மணிக்கு எரிச்சல் எப்படி வரும் என்பதெல்லாம் படிப்பறையில் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும். உங்கள் பாஸ்டர் நல்ல மனிதர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாரம் ஆராதனை முடிந்து அவர் வாசலில் நிற்கும்போது, கை கொடுத்துவிட்டு, அன்றைக்கு அவர் பேசிய பகுதியையே சொல்லி, "ஐயா, நான் பார்க்கிறது இந்த வேலை, அங்கே இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது, இந்தப் பகுதியின்படி நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேளுங்கள். அவருக்கு உடனே பதில் வராமல் போகலாம். அவசரமில்லை, அடுத்த ஞாயிறு சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.