குக்கி மிக்ஸ் ஜாடி: அடுக்கு கலையாமல் இருக்க

குக்கி செய்வதற்கான உலர்ந்த பொருட்களை அடுக்கடுக்காக முக்கால் ஜாடி நிரப்பி, மும்பையில் செம்பூரிலிருந்து மாட்டுங்கா கொண்டுபோவதற்குள் அடுக்கெல்லாம் கலந்துவிட்டது, பிரவுன் சுகரும் கட்டி தட்டிவிட்டது என்கிறீர்கள். அந்தக் காலி இடம்தான் வில்லன். லோக்கல் ரயில் குலுக்கலில் மைதா சும்மா இருக்குமா?

ஒரு லிட்டர் ஜாடி, அகல வாய். ஒன்றே முக்கால் கப் மைதாவில் முக்கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு சேர்த்துச் சலித்து முதலில் போட்டு, சின்ன டம்ளரின் அடிப்பக்கத்தால் நன்றாக அழுத்துங்கள், கண்ணாடியோரம் கோடு நேராகத் தெரியும்வரை. அப்புறம் கால் கப் வெள்ளைச் சர்க்கரை, முக்கால் கப் பிரவுன் சுகர் (இதையும் அழுத்தி), அரை கப் ஓட்ஸ், மேலே மூடி தொடும்வரை சாக்லேட் சிப்ஸ். பொடியானது கீழே, பருமனானது மேலே, அவ்வளவுதான். ஜாடியில் துளி ஈரம் கூடாது.

பிரவுன் சுகர் ஈரப்பதமுள்ளது, காய்ந்தால் இறுகும், அதனால் மூடி இறுக்கமாக இருக்கட்டும், மழைக்காலத்தில் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டாம்.

ஜாடியோடு தரும் செய்முறைச் சீட்டில், கலவையோடு சேர்க்க 115 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, அவனில் 175 டிகிரி செல்சியஸில் 10–12 நிமிடம் என்று எழுதுங்கள். வாங்குபவர் முட்டை சாப்பிடாதவரென்றால் மூன்று டேபிள்ஸ்பூன் பால் போதும்.