'சும்மா' உட்கார்ந்தவரா?

கேள்வி: 1965-ல் ஒரு போர், 1971-ல் ஒரு போர். இடையில் 1966 முதல் 1969 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த நம் ஜில்லாக்காரர் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தானே போனார்? அவருக்கு ஏன் இத்தனை புகழ்?
– வாசகர், ஏற்காடு

பதில்: பீரங்கிக்காரரைப் பார்த்துச் சொல்லக் கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது இந்தச் 'சும்மா'தான்.

'நம் ஜில்லாக்காரர்' என்றீர்களே, அதற்கு முதலில் நன்றி. நாமக்கல் பிரிந்துவிட்டது, அவர் நம்மவர் இல்லை என்று எழுதுகிறவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் 1997 வரை சேலம் ஜில்லாதான்.

1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் நம்மவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தான், பீரங்கியைக் கொடுக்கவில்லை. மலைப் பீரங்கி மட்டும் விதிவிலக்கு. பெரிய பீரங்கிப் படை இந்தியருக்குத் திறந்தது 1935-ல். அந்தக் கதவு வழியாக நுழைந்த முதல் தலைமுறை அதிகாரி இவர். பீரங்கிப் படையிலிருந்து தலைமைத் தளபதி ஆன முதல் ஆளும் இவரே.

1942-ல் லிபியாவில், பிர் ஹக்கீம் அருகே இவர் பிரிவிடம் இருந்தது 25 பவுண்டர் என்ற பீரங்கி. அதன் ஷெல், அதாவது குண்டு, சுமார் 11 கிலோ. முதலில் ஷெல்லைக் குழலுக்குள் இடித்துத் தள்ள வேண்டும், அதன் பிறகுதான் பித்தளைக் கூடு. கூட்டுக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று வெடிமருந்துப் பைகள். கிட்டத்து இலக்குக்குச் சிவப்பு மட்டும் போதும்; தூரத்துக்கு மூன்றும் வேண்டும். ஷெல்லை அரைகுறையாக இடித்தால் அதன் செம்பு வளையம் குழலின் புரியைக் கவ்வாது. வேகம் குறைந்து, முன்னால் நிற்கும் நம் ஆள் மீதே விழும். ஜெர்மன் தளபதி ரோம்மெலின் டாங்கிகள் மேலே ஏறி வரும்போதும் இந்த வரிசை பிசகக் கூடாது. அந்தச் சண்டைக்காக குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது. சிறைப்பட்டார், தப்பினார், மறுபடி பிடிபட்டார்.

ஏற்காட்டில் பருப்பு வேக நேரமாகிறதே, ஏன்? மேலே காற்றழுத்தம் குறைவு. சிக்கிமில் சீன எல்லையில் உள்ள நாதுலா கணவாய் 14,000 அடி. அங்கே ஷெல்லைத் தடுக்கக் காற்றே போதாது. சமவெளிக் கணக்கில் அடித்தால் இலக்கைத் தாண்டிப் போகும். குளிரில் வெடிமருந்து மந்தமாக எரிந்தால் கிட்டேயே விழும். இரண்டையும் அளந்து கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

1967 செப்டம்பர் 11-ல் கம்பிவேலி போட்டவர்களைச் சீனர் சுட்டபோது, நம் பீரங்கிகள் மூன்று நாள் பதில் சொன்னது அந்த மலையில்தான். அந்தப் புகழ் களத்தில் நின்ற படைப்பிரிவுத் தளபதி சகத் சிங்குக்கு உரியது. அதைப் பிடுங்கி இவருக்குச் சூட்ட மாட்டேன். ஆனால் 1962-ல் பின்வாங்கிய படை ஐந்தே வருடத்தில் அப்படி நின்றதென்றால், முந்தைய தலைமைத் தளபதி சௌத்ரியும் அவருக்குப் பின் இவரும் கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்கள்?

1969 ஜூனில் படையை மானெக்‌ஷாவிடம் ஒப்படைத்தார். 1971 டிசம்பரில் அந்தப் படைக்கு டாக்காவரை போக 13 நாள் போதுமாயிருந்தது.

'சும்மா'வை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.