நியோடிமியம் வாங்கி வைக்கலாமா?

கேள்வி: மின்சார வாகன மோட்டார்களின் காந்தங்களில் சேரும் நியோடிமியம் என்ற உலோகத்துக்குத் தேவை கூடுகிறது என்கிறார்கள். தங்கம்போலக் கட்டியாக வாங்கி வைத்தால் லாபம் வருமா?

பதில்: வேண்டாம். நியோடிமியக் கட்டியில் புதிதாக வெட்டிய முகம் பளபளக்கும். ஈரக்காற்று பட்டதும் மங்கி, ஆக்சைடு (உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் பொருள்) பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் அடியிலுள்ள உலோகம் வெளிப்பட, அதுவும் அரிபடும். கனிம எண்ணெயில் மூழ்க வைத்தோ, ஆர்கான் நிரப்பிய குப்பியில் அடைத்தோதான் காக்க வேண்டும்.

செய்தியில் வருவது எதன் விலை என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அது ஆக்சைடின் விலை. அதிலும் பிரசியோடிமியம் என்ற அதே இன உலோகமும் கலந்த ஆக்சைடு. காந்தத்துக்கு இரண்டும் சேர்ந்தே உதவுவதால் செலவழித்துப் பிரிப்பதில்லை. தூய நியோடிமியம் ஆக்சைடு என்றாலும் கிலோவுக்கு உலோகம் 857 கிராம்தான். தவிர, அது ஆலைகள் டன் கணக்கில் பேசி முடிக்கும் விலை. சில்லறையில் வாங்குபவர் அதைவிட மிக அதிகம் கொடுப்பார். விற்கப் போனால் தூய்மைச் சான்று இல்லாத கட்டியை ஆலை தொடாது.

விலை ஏறுவதும் தாதுப் பற்றாக்குறையால் அல்ல. நியோடிமியம் கிடைக்கும் பாஸ்ட்னசைட், மோனசைட் தாதுக்கள் பல நாடுகளில் உண்டு. சிக்கல் பிரிப்பதில்தான். தாதுவில் கலந்திருக்கும், குணத்தில் ஒன்றையொன்று ஒத்த அருமண் தனிமங்களை (நியோடிமியம் சேர்ந்த உலோகக் குடும்பம்) கரைப்பான்களில் நூற்றுக்கணக்கான படிகளில் பிரிக்க வேண்டும். அந்த ஆலைகளில் பெரும்பங்கு சீனாவிடம். 2010இல் சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டைக் குறைத்தது. 2011இல் விலை உச்சம் தொட்டு, பிறகு சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் நிலை என்னவாகியிருக்கும்!

கேள்வி: பழைய ஹார்ட் டிஸ்க் காந்தங்களை அரைத்து நியோடிமியம் எடுக்க முடியுமா?

பதில்: தயவுசெய்து அரைக்காதீர்கள். நுண்தூள் தானாகவே பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ மோசமாகும். உலர்ந்த மணலால்தான் மூட வேண்டும். காந்தத்தின் எடையில் அருமண் உலோகங்கள் சுமார் 30 சதவீதம். மீதி பெரும்பாலும் இரும்பு, 1 சதவீதம் போரான். அமிலத்தில் கரைத்து, ஆக்சலேட்டாகப் படியவைத்துச் சுட்டால் ஆக்சைடு கிடைக்கும். அதை உலோகமாக்க உருகிய ஃபுளோரைடு உப்பில் மின்னாற்பகுப்பு வேண்டும். வீட்டு வேலை அல்ல. காந்தமாகவே பயன்படுத்துங்கள்.

கேள்வி: அடுப்பருகே வைத்த நியோடிமியக் காந்தம் வலுவிழந்துவிட்டது. ஆறினால் திரும்புமா?

பதில்: திரும்பாது. சாதாரண ரகம் சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். வெப்பம் தாங்குவதற்காக மோட்டார் காந்தங்களில் டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு அருமண் உலோகத்தைச் சேர்ப்பது இதனால்தான். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு அருமண் தனிமங்களில் டிஸ்ப்ரோசியம் உண்டு, நியோடிமியம் இல்லை.