உடைக்குக் காசா, உருட்டுக்குக் காசா?

கேள்வி: எனக்கு வயது 26, வேலைக்குப் போகிறேன். தினமும் இரவு ஒரு மணி நேரம் நண்பர்களோடு ஆன்லைனில் ஷூட்டிங் கேம் ஆடுவேன். கேம் இலவசம்தான். ஆனால் துப்பாக்கிக்கும் உருவத்துக்கும் போடும் அலங்காரமான ஸ்கின், ஆடி நிலை ஏறினால் பரிசு தரும் பேட்டில் பாஸ், கேஸ் என்கிற பரிசுப் பெட்டியைத் திறக்கும் சாவி என்று மாதம் தவறாமல் காசு போகிறது. போன மாதக் கணக்கைப் பார்த்த அக்கா, "காத்துக்குச் சட்டை தைச்சுப் போடுறியா?" என்று கேட்டாள். எனக்கும் உறுத்துகிறது, விடவும் மனசில்லை. போதாக்குறைக்குப் போன வாரம் கை தவறி, பல பொருள் சேர்ந்த ஒரு பண்டலை வாங்கிவிட்டேன். பாதி விலைக்குக் கேம் நாணயம் (டாப்-அப்) போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அக்காவுக்கு அப்புறம் பதில் சொல்லலாம். பண்டலுக்குத்தான் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதில் வந்த எதையும் மாட்டிக்கொண்டு மேட்சுக்குள் போய்விடாதீர்கள். ரீஃபண்ட் தருகிற கேம்கள் முதலில் பார்ப்பது, பொருளைப் பயன்படுத்தினீர்களா என்பதைத்தான். வேலரன்ட் கேமில் பயன்படுத்தாத, லெவல் ஏற்றாத ஸ்கின்னை 14 நாளுக்குள் திருப்பலாம். வால்வ் நிறுவனத்தின் கேம் கடையான ஸ்டீமில், அந்த நிறுவனத்தின் சொந்த கேம்களில் வாங்கிய பொருளுக்கு 48 மணி நேரம்தான். கூகுள் பிளே வழியாகக் கட்டியிருந்தால் முதல் 48 மணி நேரம் அங்கேயே கேட்கலாம், அதற்குப் பிறகு கேம் தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும். உங்களுக்கு ஒரு வாரம் ஓடிவிட்டது. எனவே முதலில் கேமுக்குள் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்து, ரீஃபண்ட் பொத்தான் இன்னும் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்றே சப்போர்ட் டிக்கெட் போடுங்கள். அதில் கதை வேண்டாம். பிளேயர் ஐடி, ரசீதிலுள்ள ஆர்டர் எண், வாங்கிய தேதி, நேரம், பண்டலின் பெயர், "இதில் எதையும் பயன்படுத்தவில்லை" என்று ஒரு வரி, ரசீதின் ஸ்கிரீன்ஷாட். இவ்வளவு போதும். பண்டல்களுக்குப் பல கேம்களில் ரீஃபண்டே கிடையாது, கிடைத்தாலும் பெரும்பாலும் கேம் நாணயமாகத்தான் திரும்பி வரும். அதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள்.

ஆத்திரத்தில் வங்கியைக் கூப்பிட்டு அந்தக் கட்டணத்தை மறுக்க வேண்டாம். பணம் திரும்பலாம், ஆனால் ஐடி பூட்டப்படலாம், இத்தனை வருடம் சேர்த்ததெல்லாம் அதற்குள் மாட்டிக்கொள்ளும். ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனத்தின் மேல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி வைத்த புகாரிலேயே இது இருந்தது. ஒரு பொத்தான் தவறி அமுங்கினாலே வாங்கியதாகிவிடுகிறது, வங்கியில் மறுத்தவர்களின் கணக்கு பூட்டப்படுகிறது என்றது புகார். 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலர் கட்ட எபிக் ஒப்புக்கொண்டது. ஆக, கை தவறுவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. கேமிலும் ஸ்டோரிலும் சேமித்து வைத்திருக்கும் கார்டை நீக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றிவையுங்கள். கை தவறினாலும் காசு தவறாது.

இனி மாதக் கணக்கு. நீங்கள் அதை ஒரே மொத்தமாகப் பார்க்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். பெயர் தெரிந்த, விலை தெரிந்த ஸ்கின்னுக்குப் போன காசைத் தனியாகவும், "வந்தாலும் வரும்" என்று போட்ட காசைத் தனியாகவும் எழுதிப் பாருங்கள். முதலாவது பொழுதுபோக்குச் செலவு. ஒரு மணி நேரம் நண்பர்களோடு சிரிக்கிற இடத்தில் கொஞ்சம் அலங்காரமாக நிற்க நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. இரண்டாவது வேறு சாதி.

அதற்கு எண்களே சாட்சி. உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் திறக்கும் லூட் பாக்ஸ்களின் வாய்ப்பு அளவை வெளியிட வேண்டும் என்று சீனா விதித்ததால், 2017-ல் வால்வின் கவுண்டர்-ஸ்ட்ரைக் கேமில் வரும் கேஸ்களின் கணக்கு அங்கே வெளியே வந்தது. பொருளின் அருமையைக் காட்டும் நிறங்களில், எளிதில் கிடைக்கும் நீல தரம் 79.92 சதவீதம், ஊதா 15.98, இளஞ்சிவப்பு 3.2, சிவப்பு 0.64, எல்லோரும் ஆசைப்படும் கத்தி 0.26. ஏறக்குறைய 385 பெட்டிக்கு ஒரு கத்தி. சரி, 385 சாவி வாங்கினால் கத்தி உறுதியா? இல்லை. 385 பெட்டி திறந்தவர்களில் நூற்றுக்கு 37 பேர் கத்தியே இல்லாமல்தான் எழுந்திருப்பார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு வரவே 266 பெட்டி வேண்டும். "200 திறந்துவிட்டேன், இனி வந்தாக வேண்டும்" என்பதும் செல்லாது. 201-வது பெட்டிக்கு முந்தைய 200-ஐப் பற்றி ஒன்றும் தெரியாது. இத்தனை முறைக்குள் நிச்சயம் தருவோம் என்று எழுதி வைத்திருக்கும் கேம்களும் உண்டு. அப்படியானால் அந்த எண்ணிக்கையின் முழு விலைதான் பொருளின் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசன் மாறும்போது அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்பதையும் படித்துவிட வேண்டும்.

பெட்டி திறக்கும்போது ஓடுகிற அந்தப் பட்டையைக் கவனித்திருப்பீர்கள். வேகமாக ஓடி, டிக் டிக்கென்று மெதுவாகி, தங்க நிறச் சின்னத்தை நூலிழையில் தாண்டி நீலத்தில் நிற்கும். "சே, கொஞ்சத்தில் போச்சே" என்று கை அடுத்த சாவிக்குப் போகும். உண்மையில் கொஞ்சத்தில் போகவே இல்லை. பட்டை ஓடுவது வெறும் காட்சிதான், அது நிற்கும் இடம் முடிவை மாற்றுவதில்லை. பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018-லேயே முடிவு செய்தது. உங்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: அந்தக் கத்திதான் வேண்டுமென்றால், ஆடுபவர்கள் தங்களுக்குள் பொருளை விற்கும் மார்க்கெட்டில் விலை பார்த்து நேராக வாங்குங்கள். விலை பயமுறுத்துகிறதா? அப்படியானால் சாவிகள் அதைவிடப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"பிறகு விற்றுக்கொள்ளலாமே" என்ற சமாதானமும் வேண்டாம். ஸ்டீம் மார்க்கெட்டில் கவுண்டர்-ஸ்ட்ரைக் பொருளை வாங்குபவர் 115 கொடுத்தால் உங்கள் கைக்கு 100 வரும். அதுவும் ஸ்டீம் வாலட்டுக்குள்தான், வங்கிக்குப் போகாது. 2025 அக்டோபரில் ஒரு அப்டேட் வந்தது: ஐந்து சிவப்புத் தர ஸ்கின்களைக் கொடுத்துக் கத்தியாகவோ கையுறையாகவோ மாற்றிக்கொள்ளலாம் என்று. பல கத்திகளின் விலை ஒரே இரவில் சரிந்தது, சிவப்பு ஏறியது. முதலீடு என்று பிடித்து வைத்திருந்தவர்கள் விழித்துப் பார்த்தபோது கதை முடிந்திருந்தது. பெரும்பாலான கேம்களில் இந்த அளவுக்குக்கூட இல்லை, ஸ்கின்னை யாருக்கும் விற்கவே முடியாது. நீங்கள் வாங்குவது உரிமை அல்ல, பயன்படுத்த அனுமதி. சர்வர் மூடினால் அனுமதியும் மூடும்.

நாணயப் பொட்டலங்களும் கவனிக்க வேண்டியவை. ஸ்கின் 1,200 நாணயம், பொட்டலம் 1,000 அல்லது 2,800 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆயிரம் வாங்கினால் 800 மிச்சம். அடுத்த ஸ்கின் 1,500. "எழுநூறுதானே குறைகிறது" என்று இன்னொரு ஆயிரம் போடுவீர்கள், 300 மிஞ்சும். மிச்சம் விழும்படிதான் விலையே வைக்கிறார்கள். அதனால் குறைகிற நாணயத்தைப் பார்க்காமல், கையைவிட்டுப் போகப் போகிற நிஜப் பணத்தைப் பாருங்கள். முதல் ஸ்கின்னின் விலை 1,200 அல்ல, இரண்டு பொட்டலம். தேவைக்கு மேல் நாணயம் வாங்க வைக்கக் கூடாது, நிஜப் பணத்தில் விலை தெரிய வேண்டும் என்று ஐரோப்பிய நுகர்வோர் அதிகாரிகள் 2025 மார்ச்சில் நெறிமுறையே வெளியிட்டார்கள். உங்கள் கேம் அப்படிக் காட்டவில்லை என்றால் கால்குலேட்டர் காட்டும்.

பாதி விலை டாப்-அப் ஆசாமியை பிளாக் செய்துவிடுங்கள். பல நேரம் அது திருட்டுக் கார்டில் போடுகிற காசு. கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் கொடுத்ததும் நாணயம் திரும்பப் பிடுங்கப்படும், தடை உங்கள் ஐடிக்கு விழும். லாகின் விவரம் கேட்டால் ஐடியே போய்விடும். பழைய ஐடியை விலைக்கு வாங்குவதும் இதே ரகம்: முதல் மின்னஞ்சலும் முதல் ரசீதும் விற்றவரிடம் இருக்கும்வரை, சப்போர்ட்டில் கேட்டு அதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்.

எதை வாங்கலாம் என்றால், உங்கள் கண்ணுக்குத் தெரிவதை. முதல்-நபர் பார்வை கேமில் உங்கள் உடையை நீங்கள் பார்ப்பது மேட்சுக்கு முன் காத்திருக்கும் லாபியில் மட்டும்தான். மேட்ச் முழுக்கப் பார்ப்பது துப்பாக்கியையும் இரண்டு கைகளையும். நீங்கள் அதிகம் எடுக்கும் ஒரே துப்பாக்கிக்கு ஒரு ஸ்கின், பிடிக்காத ஐந்து துப்பாக்கிக்குப் பண்டலில் வருவதைவிட நன்றாக உழைக்கும். பளிச்சென்று மின்னுகிற உடை எதிரிக்கு உதவி என்பதையும் மறக்க வேண்டாம். கடையில் கவுண்ட்டவுன் ஓடினால் பயப்படாதீர்கள். சுழற்சி முறையில் விற்கும் கடைகளில் பல பொருள்கள் மறுபடி வரும்.

பேட்டில் பாஸை சீசன் முதல் நாளில் வாங்காதீர்கள். பெரும்பாலான கேம்களில் கடைசி வாரம் வாங்கினாலும் அதுவரை ஏறிய நிலைகளின் பரிசு மொத்தமாக வந்துவிடும். இலவசமாகவே ஆடி வாருங்கள். இரண்டு வாரம் கழித்து, ஒரு நிலை ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். 40 நிமிடம், மீதி 60 நிலை என்றால் இன்னும் 40 மணி நேரம். நீங்கள் ஆடுவது இரவுக்கு ஒரு மணி நேரம். சீசனில் 40 இரவு மிச்சம் இருக்கிறதா என்று காலண்டரைப் பாருங்கள், அதற்குப் பிறகு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

அக்காவிடம் அந்த இரண்டு பிரிவுக் கணக்கையே காட்டுங்கள். சட்டைக் கணக்கைப் பார்த்துச் சிரிப்பார். சாவிக் கணக்கைக் கேட்டால் சாக்குச் சொல்லாதீர்கள்.