பழனிப் பாதயாத்திரை: ஒரு நாள் நடை பற்றிக் கேள்வி பதில்

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கப் போகிறவர்கள் கேட்கலாம். செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையே நடைக்காரர்களின் கால்களைக் கவனிக்கும் முகாமில் இருக்கிறேன், நானும் நடந்தவள். நடை, கால், தண்ணீர், தூக்கம் ஆகியவற்றுக்குப் பதில் சொல்கிறேன். விரதம், காவடி முறைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

காரைக்குடி: அம்மா, முதல் முறை வருகிறோம். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம்? எப்போது புறப்படுவது?

25 கிலோமீட்டர் போதும். பழகியவர்கள் 30 வரை போகலாம். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே புறப்பட்டு, காலை ஒன்பதரைக்குள் நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். தை மாதத்தில் இரவு பனி கொட்டும், பத்து மணிக்கு மேல் தார் சுடும். பகலில் படுத்துத் தூங்குங்கள். காலை மூட்டையின் மேல் தூக்கி வையுங்கள். மாலை நான்குக்கு மேல் மீதி நடை.

நத்தத்திலிருந்து திண்டுக்கல் ஏறக்குறைய 37 கிலோமீட்டர். முதல் நாள் உற்சாகத்தில் பலர் அதை ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்கிறார்கள். மறுநாள் ரெட்டியார்சத்திரத்தில் காலை ஊன்ற முடியாமல் நிற்கிறார்கள். கோபால்பட்டியிலோ சாணார்பட்டியிலோ தங்கிவிடுங்கள்.

இருட்டில் நடக்கும்போது சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். முதுகுக்குப் பின்னால் வரும் லாரி கண்ணுக்குத் தெரியாது.

மதுரை: கொப்புளத்தை உடைக்கலாமா?

சிறியதென்றால் தொடாதீர்கள், மேலே பஞ்சுத் துணி வைத்து ஒட்டுங்கள். அடி எடுத்து வைக்க முடியாதபடி பெரிதாகிவிட்டால், சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, புதிய ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில், அடிப்பக்கமாக, இரண்டு இடத்தில் மட்டும் குத்துங்கள். கட்டை விரலால் மெதுவாக அழுத்தினால் நீர் வடிந்து, தோல் உள்சதையோடு படிந்துவிடும். அந்தத் தோலை உரிக்கவே கூடாது. அதுதான் இயற்கை போட்ட கட்டு. சர்க்கரை நோயாளிகள் ஊசியைத் தொடாமல் முகாமுக்கு வாருங்கள்.

சிவகங்கை: அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை. வெறுங்காலோடுதான் நடப்பேன் என்கிறார்.

வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடும். முகாமுக்கு ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார்; விரித்திருந்த தார்ப்பாயில் ரத்தக் கால்தடம். உள்ளங்காலில் கருவேல முள் முறிந்து நின்றிருந்தது. இடுக்கியால் இழுத்தபோதும் பக்கத்தில் இருந்தவரோடு பேச்சை நிறுத்தவில்லை. வலி தெரியாத கால் அப்படித்தான் இருக்கும். அந்தப் புண்தான் பிறகு விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது.

பழகிய காலணி, பருத்திக் காலுறை போடச் சொல்லுங்கள். உட்காரும் இடத்தில் எல்லாம் உள்ளங்காலை நீங்கள் பாருங்கள். நடக்கும் நாட்களில் மாத்திரை, இன்சுலின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே சர்க்கரையோ வெல்லமோ கொடுங்கள். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மேலூர்: காலணியோடு நடந்தால் அது பாதயாத்திரையா? எங்கள் தாத்தா வெறுங்காலோடுதான் நடந்தார். முருகன் பார்த்துக்கொள்வான்.

உங்கள் தாத்தாவை வணங்குகிறேன். அவர் நடந்தது மண் பாதையில், புளிய மர நிழலில். சாலையை அகலப்படுத்திய இடங்களில் இன்று தார்தான், நிழல் இல்லை. உணர்ச்சி உள்ள கால், சூடு ஏறும் முன் முடிக்கிற நடை என்றால் வெறுங்காலோடு நடங்கள். நானும் அப்படித்தான் நடந்தேன். சிவகங்கைக்காரரின் அப்பாவுக்கு அந்தக் கால் இல்லை.

சென்னை: மேலூர் அண்ணன் சொல்வதே சரி. சூடு தாங்காவிட்டால் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தால் போதும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

வெள்ளைக் கோடு கருப்புத் தாரைவிடச் சுடாது, உண்மை. ஆனால் அந்தக் கோட்டை ஒட்டித்தான் பஸ் போகிறது! காலைக் காப்பாற்ற உயிரை அங்கே வைக்கிறீர்கள். பாதயாத்திரைக்கென்று நடைபாதை போட்ட இடங்களில் அதில் இறங்கி நடங்கள். மற்ற இடங்களில் வலப்பக்கம், கோட்டுக்கு வெளியே.

மேலூர்: நேர்ந்துகொண்டதை மாற்றுவது தெய்வக் குற்றம் இல்லையா?

நேர்த்தி உங்களுடையது, நிறைவேற்றுங்கள். பக்கத்தில் நடக்கும் நோயாளியின் காலைப் பார்த்து அவர் பக்தியை அளக்காதீர்கள். உங்களைப் போன்றவர்களின் பேச்சுக்குப் பயந்து, காலணியைப் பையில் வைத்துக்கொண்டு சுடுதாரில் நடந்து வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வருவது அதனால்தான். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துகிறேன்.

புதுக்கோட்டை: கொப்புளத்தில் மஞ்சள் வைக்கலாமா?

வேண்டாம். பற்பசை, சுண்ணாம்பும் வேண்டாம். மதுரைக்காரருக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

தேவகோட்டை: பெண்கள் வழியில் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது நல்லதா? ஒதுங்க இடம் கிடைப்பதில்லை.

இதை எல்லோரும் படிக்க வேண்டும். தண்ணீரைக் குறைப்பதால் கால் நரம்பு இழுக்கிறது, மயக்கம் வருகிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று பொருள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, வியர்வை கொட்டும்போது குடியுங்கள். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், அன்னதானப் பந்தல் என்று கழிப்பறை உள்ள இடங்களை முன்பே குறித்துக்கொண்டு, தங்குவதையும் அங்கேயே வையுங்கள். இருட்டில் மூன்று பேராகப் போங்கள். குழுத் தலைவர்கள் இடம் தேடும்போது பெண்களிடம் கேட்பதே இல்லை. இந்த ஆண்டாவது கேளுங்கள்.

திருப்பத்தூர்: காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கலாமா?

வெறும் வயிற்றில், தண்ணீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். நடையைக் குறையுங்கள்.

பரமக்குடி: கொப்புளம் உடைந்தால்?

மதுரைக்காரருக்குச் சொன்ன பதில்தான். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

விருதுநகர்: பழனியில் அறை கிடைக்குமா? மலைக்குக் கைப்பேசி கொண்டுபோகலாமா?

அறைக்குத் தேவஸ்தானத்தைக் கேளுங்கள். மலைக்கோயிலில் கைப்பேசிக்கு 2023 அக்டோபர் முதல் தடை.

மானாமதுரை: நாங்கள் முப்பது பேர், இடப்பக்கமாகவே வரிசையில் வருவது வழக்கம். போதாதா?

போதாது. போலீசார் வேறு பக்கம் திருப்பிவிட்டால் ஒழிய வலப்பக்கம்தான். முதலில் நடப்பவரும் கடைசியில் நடப்பவரும் டார்ச் பிடியுங்கள். ஒளிரும் பட்டையை முதுகிலும் காவடியிலும் ஒட்டுங்கள். குழந்தைகள் நடுவில் வரட்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு யாரும் நடக்க வேண்டாம்.